தான் மண் சுமந்த மண்டபத்திலேயே வெண்கலச் சிலையானவர்: ஆலன் பேஜின் கதை

[திரையில்: கட்டுமானப் பணியின் கறுப்பு வெள்ளைப் படம்]

வணக்கம் நண்பர்களே. 1960களின் தொடக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கேன்டன் என்று ஒரு ஊர். எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கூரையைப் பார்த்தால் அமெரிக்கக் கால்பந்தின் பந்து பாதியாகத் துருத்திக்கொண்டு நிற்பது போல இருக்கும். அந்த விளையாட்டின் மாபெரும் வீரர்களுடைய சிலைகளை வைக்கப்போகும் 'ஹால் ஆஃப் ஃபேம்' மண்டபம் அது. 1963 செப்டம்பரில் திறந்தார்கள்.

அந்தக் கட்டுமானத்தில் கைக்காசுக்காக வேலை செய்த உள்ளூர்ப் பள்ளிப் பையன்களில் ஒருவன் பெயர் ஆலன் பேஜ்.

25 ஆண்டுகள் போகட்டும். 1988. அதே மண்டபம். உள்ளே ஒரு புதுச் சிலை. முகத்தைப் பாருங்கள். அதே பையன்.

இதை முதலில் படித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. ஆனால் இன்றைக்கு இந்த வீடியோ போடுவதற்குக் காரணம் இந்தத் தற்செயல் கிடையாது. இந்த மனிதரை, தேசத்தின் மிகச் சிறந்த வீரர் என்று விருது வாங்கியவரை, 1978-ல் அவருடைய அணி வெளியே அனுப்பியது. இன்னொரு அணி அவரை எடுத்துக்கொள்ளக் கட்டிய தொகை 100 டாலர். நூறே நூறு. ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் உங்களுக்கு இவரை இன்னும் பிடித்துப்போகும். எனக்கு அப்படித்தான் ஆனது.

[திரையில்: மைதானத்தின் படம், இரு அணிகளும் எதிரெதிராகக் குனிந்து நிற்கின்றன]

சரி, விளையாட்டே தெரியாதவர்களுக்காக அரை நிமிடம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர் குவார்ட்டர்பேக். அணியின் மூளை, முகம், விளம்பரப் பலகை எல்லாமே அவர்தான். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது ஆலன் பேஜ் எங்கே நின்றார் என்று பார்ப்போம். அவர் டிஃபென்சிவ் டாக்கிள். தடுப்பு வரிசையின் நட்ட நடுவில் நிற்பவர்.

கபடியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். கபடியில் ஒருவர் பாடிக்கொண்டு வருவார், ஏழு பேர் சுற்றி வளைத்துப் பிடிப்பார்கள். அதை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். பிடிக்க வேண்டியவர் குவார்ட்டர்பேக். அவர் அசையாமல் பின்னால் நிற்கிறார். அவரைத் தொடவிடாமல் ஐந்து மலைகள் குறுக்கே நிற்கின்றன, ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல். பிடிக்கப் போகிற நீங்கள் அந்த மலைகளுக்கு நடுவில் புகுந்து போக வேண்டும். எவ்வளவு நேரத்தில்? மூன்று விநாடி, கூடிப்போனால் நான்கு. அதற்குள் பந்து கையை விட்டுப் போய்விடும். இன்னொரு விதியும் உண்டு. பந்து அசையும் வரை பந்து இருக்கும் கோட்டை நீங்கள் தாண்டக் கூடாது. ஒரு நொடி முந்தினாலும் தண்டனை.

அப்படிப் புகுந்து போய், பந்து கையில் இருக்கும்போதே குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக்.

பேஜ் 193 சென்டிமீட்டர் உயரம். கல்லூரி முடித்து மினசோட்டா மாநிலத்தின் தொழில்முறை அணியான வைக்கிங்ஸுக்கு வந்தபோது எடை சுமார் 111 கிலோ. பெரிய ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால் நடுவரிசையில் நிற்கிறவர்களுக்கு அது குறைவான எடை. அவருடைய ஆயுதம் முதல் அடி. பந்து அசைந்ததும் அவர் கால் வைத்துவிடுவார். எதிரே நிற்பவர் நிமிர்ந்து கை தூக்குவதற்குள் தோள் பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிருப்பார். பழைய ஆட்டப் பதிவுகள் கிடைத்தால் 88 எண் சட்டையை மட்டும் பாருங்கள். எல்லோரும் எழுந்திருக்கும்போது அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருப்பார். நான் ஒரே காட்சியைப் பத்துத் தடவை பின்னோட்டி ஓட்டிப் பார்த்தேன். அலுக்கவே இல்லை.

[திரையில்: ஊதாச் சட்டை அணிந்த நான்கு வீரர்கள்]

கல்லூரி நாட்களை வேகமாக முடித்துவிடுவோம். நோட்ர டாம் பல்கலைக்கழகம், 1966-ல் தேசிய சாம்பியன். அந்த ஆண்டு மிஷிகன் ஸ்டேட் அணியோடு ஆடிய 10–10 சமநிலை ஆட்டத்தைப் பற்றி இன்றும் அங்கே பேசுகிறார்கள். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும். 1967-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் முதல் சுற்றிலேயே மூன்று பேரை எடுத்தது. இரண்டு பேர் மிஷிகன் ஸ்டேட், மூன்றாமவர் 15-ஆவது தேர்வாக வந்த நம் பேஜ். நவம்பரில் முட்டிக்கொண்டவர்கள் அடுத்த ஆண்டு ஒரே உடைமாற்றும் அறையில்!

மினசோட்டா கடும் குளிர்ப் பிரதேசம். மைதானத்துக்குக் கூரை கிடையாது. பயிற்சியாளர் பட் கிராண்ட், வீரர்கள் குளிர்காய ஓரத்தில் ஹீட்டர் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் குளிரில் கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், ஆலன் பேஜ் என்று நால்வர் வரிசையாக நின்றார்கள். அணியின் நிறம் ஊதா. ரசிகர்கள் வைத்த பெயர் 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்', அதாவது ஆளை விழுங்கும் ஊதாக்காரர்கள். அவர்களுக்குள் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்கள்: குவார்ட்டர்பேக்கிடம் சந்திப்போம். நால்வரும் நாலு வழியில் கிளம்பி ஒரே இடத்தில் கூடுவது. 1969-ல் 14 ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து இவர்கள் மேல் எடுத்த மொத்தப் புள்ளிகள் 133. ஆட்டத்துக்குப் பத்துகூட இல்லை.

வைக்கிங்ஸ் நான்கு முறை சூப்பர் பவுல், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் இறுதி ஆட்டத்துக்குப் போனது. நான்கிலும் தோற்றது. அதைப் பற்றிப் பேசினால் வைக்கிங்ஸ் ரசிகர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மனது கஷ்டப்படும், நகர்ந்துவிடுவோம்.

[திரையில்: 1971 என்ற எண் பெரிதாக]

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். 1971. என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக். அதன் மிக மதிப்புமிக்க வீரர், எம்விபி விருது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் சார்பில் விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களித்துக் கொடுப்பது. அந்த ஆண்டு ஆலன் பேஜுக்குக் கொடுத்தார்கள்.

இதன் கனம் புரிய வேண்டுமென்றால் ஒரு கணக்கைப் பாருங்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுக்கப்படும் விருது. பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகள், அப்புறம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். தடுப்பாட்ட வீரர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர். 1971-ல் பேஜ், 1986-ல் லாரன்ஸ் டெய்லர். அவ்வளவுதான். பந்தைக் காலால் உதைக்க மட்டும் களத்துக்கு வரும் உதைப்பாளர் ஒருவர்கூட 1982-ல் இதை வாங்கியிருக்கிறார், மார்க் மோஸ்லி. தடுப்பு வரிசையின் நடுவில் நின்று வாங்கியவர் இன்று வரை பேஜ் ஒருவர்தான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சதம் அடித்தவர் பெயர் பத்து வருஷம் கழித்தும் ஞாபகம் இருக்கும். கடைசி ஓவரில் மூன்றே ரன் கொடுத்து ஆட்டத்தைக் காப்பாற்றியவர் பெயரை யோசிக்க வேண்டியிருக்கும். தடுக்கிறவரின் வேலை என்னவென்றால், நடக்க இருந்த ஒன்றை நடக்காமல் செய்வது. நடக்காததை எப்படி எண்ணுவது?

எண்ணவே இல்லை என்பதுதான் உண்மை! சாக் என்பதை என்எஃப்எல் அதிகாரபூர்வமாகக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது 1982-ல். ஆலன் பேஜ் கடைசியாக ஆடியது 1981-ல். ஒரே ஒரு ஆண்டு வித்தியாசம். 15 ஆண்டு உழைப்பில் அவர் சாய்த்த குவார்ட்டர்பேக்குகள் ஒருவர்கூட அதிகாரபூர்வப் பதிவேட்டில் இல்லை. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைத் தோண்டி எண்ணியிருக்கிறார்கள், நூற்றைத் தாண்டி வெகுதூரம் போகிறது. எதிரணி உதைத்த பந்தை மட்டும் 28 முறை கையால் தடுத்திருக்கிறார். சாக் கணக்கு என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து எழுத்தாளர்கள் இவருக்கு எம்விபி கொடுத்தார்கள் என்றால், அவர் எப்படி ஆடியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே வீடியோவை உங்கள் நண்பருக்கு அனுப்பலாம் என்பது என் கருத்து.

[திரையில்: ஒரு கை, வெளிப்பக்கம் மடிந்த சுண்டுவிரல்]

இந்தப் படம் ஒட்டு வேலை கிடையாது. அவருடைய சுண்டுவிரலேதான். ஆட்டத்தில் மூட்டு விலகி, விலகி, கடைசியில் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெளியே திரும்பி நின்றுவிட்டது. அதைக் குழந்தைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்களாம். பின்னாளில் அவரும் மகளும் சேர்ந்து அந்த விரலை வைத்தே குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதினார்கள். இந்த விரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 100 டாலர் கதை.

பேஜுக்குச் சிறு வயதிலிருந்தே வக்கீலாக வேண்டும் என்று ஆசை. கேன்டனில் கறுப்பினப் பையன்கள் கண்ணுக்குத் தெரிந்த எதிர்காலம் எஃகு ஆலைதான். அது வேண்டாம் என்று நான்காம் வகுப்பிலேயே முடிவெடுத்துவிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று 1954-ல் தீர்ப்பளித்தபோது அவருக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. சட்டத்தால் இப்படியும் செய்ய முடியும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் விழுந்தது.

வைக்கிங்ஸில் ஆடும்போது நடந்த ஒன்றை அவரே பின்னர் மேடையில் சொல்லியிருக்கிறார். அணிக்கூட்டத்தில் ஆட்ட உத்திகள் அடங்கிய புத்தகத்தை ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொன்னார் பயிற்சியாளர். சிலரால் படிக்க முடியவில்லை. எழுத்துக்கூட்டித் திணறினார்கள். யோசித்துப் பாருங்கள், எல்லோரும் கல்லூரி வழியாக வந்தவர்கள். நன்றாக விளையாடுகிறான் என்பதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பேஜ் அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி அவரை விடவே இல்லை.

ஆடிக்கொண்டே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1978-ல் பட்டம் வாங்கினார். வீரர்கள் சங்கத்திலும் முன்னால் நின்றார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை வேறு அணிக்குப் போகவிடாமல் கட்டிவைத்த விதியை எதிர்த்து நடந்த மேக்கி வழக்கில் அவரும் ஒரு வாதி. அணி நிர்வாகங்களுக்கு இது இனித்திருக்காது என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவில் மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். துணைக்கு இவரும் ஓடினார். டயான் எப்படியோ, இவர் ஓட்டத்தில் விழுந்துவிட்டார். மைல் கணக்கில் ஓடுகிறார். எடை மளமளவென்று இறங்கி 100 கிலோவுக்கு அருகே வந்துவிட்டது. நடுவரிசைத் தடுப்பாளருக்கு எடைதான் முதலீடு என்று எல்லோரும் நம்பிய காலம். பட் கிராண்டுக்கு இது பிடிக்கவில்லை. ஆட்டம் முன்பு போல இல்லை என்று சொல்லி 1978 அக்டோபரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, விடுவித்துவிட்டார்கள்.

விடுவித்த வீரரை மற்ற அணிகள் கோரலாம். அதற்கான கட்டணம் 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அதைக் கட்டியது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆர்ம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போனவர் வேறு ஒருவர். இவர் அதற்கு முன் வைக்கிங்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்து பேஜைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவருக்குத் தெரியும், இந்த மனிதரின் பலம் எடையில் இல்லை, முதல் அடியில் இருக்கிறது என்று.

தீர்ந்துபோனார் என்று சொல்லப்பட்டவர் அதற்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் சிகாகோவில் ஆடினார். காயம், காய்ச்சல் எதற்காகவும் ஒரு ஆட்டம்கூடத் தவறவில்லை. 1967-ல் தொடங்கி 1981 வரை தொடர்ந்து 218 ஆட்டங்கள். இதற்கு நடுவே 1979-ல் முழு மாரத்தானும் ஓடி முடித்தார். 42 கிலோமீட்டர்! ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் என்எஃப்எல் வீரர் அவர்தான். என்னைக் கேட்டால் விளையாட்டு வரலாற்றிலேயே நன்றாகச் செலவழித்த 100 டாலர் இது. இதை விட நல்ல பேரம் உங்களுக்குத் தெரிந்தால் கமென்ட்டில் எழுதுங்கள், நிஜமாகவே படிக்க ஆவலாக இருக்கிறேன்.

[திரையில்: நீதிமன்ற மேசை]

ஆட்டம் முடிந்தது, வாழ்க்கை தொடங்கியது. தனியார் வக்கீல் அலுவலகம், பிறகு மினசோட்டா அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம். அங்கிருந்து மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஆசைப்பட்டார். மினசோட்டாவில் நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1992-ல் ஒரு நீதிபதியின் இடத்துக்குத் தேர்தல் வர வேண்டும். பேஜ் நிற்கத் தயாராகிறார். அந்த நேரத்தில் அந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட்டார். அதனால் தேர்தலே கிடையாது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? வழக்குப் போட்டார். இது மாநில உச்ச நீதிமன்றத்தைப் பற்றிய வழக்கு. விசாரிக்க வேண்டியதும் அதே மாநில உச்ச நீதிமன்றம். தங்கள் சக நீதிபதியின் நாற்காலியைப் பற்றிய வழக்கை எப்படி விசாரிப்பது? பதவியில் இருந்தவர்கள் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதிகளை அழைத்து உட்காரவைத்து விசாரித்தார்கள். தீர்ப்பு பேஜ் பக்கம். தேர்தல் நடந்தாக வேண்டும். நடந்தது. வென்றார். 1993 ஜனவரியில் பதவியேற்றார், மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக.

எனக்கு இந்த வழக்கு 1971 விருதை விடப் பெரிதாகத் தெரிகிறது. ஐந்து மலைகள் குறுக்கே நிற்கின்றன, சந்து எங்கே என்று பார்த்து உள்ளே போய்விட்டார். விதியை மீறாமல்.

அடுத்து 1998, 2004, 2010 என்று மூன்று தேர்தல்களிலும் வென்றார். 2015-ல் 70 வயது ஆனதும் சட்டப்படி இறங்கினார். இல்லாவிட்டால் இன்னும் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது 1988-க்கு ஒரு நிமிடம் திரும்புவோம், அந்தக் கேன்டன் மண்டபத்துக்கு. ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்படும் வீரரை யாராவது ஒருவர் மேடையில் அறிமுகம் செய்வார்கள். வழக்கமாகப் பழைய பயிற்சியாளர், அணி முதலாளி, சக வீரர். பேஜ் அழைத்தது மினியாபொலிஸ் நகரத்துப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை. வில்லரீன் பீஸ்லி. உரையிலும் கால்பந்தைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினார், மற்றதெல்லாம் படிப்பு. அணிக்கூட்டத்தில் புத்தகத்தைப் படிக்கத் திணறிய அந்த நண்பர்களின் கதையைச் சொன்னது அந்த மேடையில்தான்.

அதே ஆண்டு அவரும் டயானும் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். மினசோட்டாவில் கறுப்பின, பழங்குடி, ஆசிய, லத்தீன் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை. ஒரு நிபந்தனை உண்டு: பணம் வாங்குகிற மாணவர் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுக்குப் படிப்பில் துணையாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் அதில் படித்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் பிள்ளைகளை நாம் எண்ணவே முடியாது. மறுபடியும் கணக்கில் வராத சாக்!

2017-ல் மினியாபொலிஸில் ஒரு பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளியின் பெயரை மாற்ற வேண்டும் என்று முன்னெடுத்தார்கள். பழங்குடி மக்களைத் துரத்திய ஒரு பழைய ஆளுநரின் பெயர் போய், நீதிபதி பேஜின் பெயர் வந்தது. 2018 நவம்பரில் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான 'பிரசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம்' கிடைத்தது. அதே மேடையில் அதே நாளில் அந்தப் பதக்கம் வாங்கிய இன்னொருவர் ரோஜர் ஸ்டாபக். 1975 டிசம்பரில் கடைசி நொடிகளில் 50 யார்டு தூரம் பந்தை எறிந்து வைக்கிங்ஸை 17–14 என்று வீட்டுக்கு அனுப்பிய டல்லஸ் குவார்ட்டர்பேக். 43 ஆண்டுகள் கழித்து, குவார்ட்டர்பேக்கிடம் சந்திப்போம் என்ற அந்தப் பழைய வாக்கியம் வெள்ளை மாளிகையில் நடந்தது. டயான் அதைப் பார்க்க இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் காலமாகியிருந்தார்.

[திரையில்: மர நிழல் சாலை, ஓடுகிறவர்கள் கூட்டம்]

கடைசியாக ஒரு காட்சி. மினியாபொலிஸிலும் செயின்ட் பாலிலும் ஆண்டுதோறும் அக்டோபரில் இரட்டை நகர மாரத்தான் நடக்கும். ஓடுகிறவர்கள் மூன்றாவது மைல் அருகே வரும்போது சாலையோரத்தில் ஓர் உயரமான மனிதர் நிற்பார். உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு போல வளைந்த பெரிய பித்தளை வாத்தியம், சூசாஃபோன். பம், பம் என்று ஊதிக்கொண்டிருப்பார். வாத்தியத்தைத் தாங்கும் கையைக் கவனித்தால், ஒரு சுண்டுவிரல் மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.